நான் வெட்டிய வரியும் டாக்டர் நாஸ்லியின் காரும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. டாக்டர் நாஸ்லி கேட்டது ஒரு திருத்தம். ஒரு பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையில் பிழை இருக்கிறது, அதைத் திருத்தி மூன்று வரி எழுதிக் கொடுங்கள் என்றார். உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் எழுத்தாளன் ஆகியிருக்கமாட்டேன், அந்தப் பிழையும் நடந்திருக்காது.

என் பெயர் வாஸிஃப். அலெக்ஸாந்திரியாக்காரன். மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறேன். [அவற்றின் பெயர்களை இங்கே எழுதி, அடித்துவிட்டேன். இது அதற்கான இடமில்லை. எதுதான் அதற்கான இடம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.] என்னிடம் 1959ஆம் வருஷத்துக் கார் ஒன்றும் இருக்கிறது. மூன்றாவது நாவலின் பின்னட்டைக்காக, அதன்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள வாங்கியது. படம் நன்றாக வந்தது. கார் அதற்குப் பிறகு நகரவில்லை. உறை போட்டு மூடி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை உறையைத் துடைப்பேன்.

இப்படிப்பட்ட ஒருவனிடம்தான் பழைய கார் வைத்திருப்போர் சங்கத்தின் காலாண்டிதழ் ஆசிரியர் முராத் பே வந்தார். பழைய காருக்கு ஜாக்கி எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பத்திரமாகப் பயன்படுத்துவது என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். எழுதத் தெரிந்தவர்களுக்கு ஜாக்கி தெரியவில்லை, ஜாக்கி தெரிந்தவர்களுக்கு எழுத வரவில்லை என்று அலுத்துக்கொண்டார். எனக்கு இரண்டும் வரும் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. பின்னட்டையைப் பார்த்திருப்பார்.

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

(அ) "அன்று காலை அலெக்ஸாந்திரியாவின் கடல், வெள்ளிப் பாளம் போல—" வேண்டாம். இந்தக் கதையில் கடல் செய்த ஒரே காரியம், நாற்பது வருஷமாகக் கார்களின் அடிச்சட்டத்தைத் தின்றதுதான்.

(ஆ) "ஒரு கார் விழும்போது எழும் சத்தம் நீங்கள் நினைப்பதுபோல் இருக்காது." இது நல்ல தொடக்கம்தான். ஆனால் வாசகரை முதல் வரியிலேயே பயமுறுத்தி, பத்துப் பக்கம் காக்கவைக்கும் உத்தி. என் இரண்டாவது நாவலில் அதைச் செய்தேன். யாரும் காத்திருக்கவில்லை.

(இ) "மன்னித்துக்கொள்ளுங்கள்." இது உண்மையான தொடக்கம். ஆனால் இதற்கப்புறம் எழுத ஒன்றும் இல்லாமல் போகிறது.

ஆகவே கட்டுரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

3

கட்டுரையை நான் கற்பனையில் எழுதவில்லை. அந்த அளவுக்கு நேர்மை உண்டு. முஹர்ரம் பெய் பக்கம் ஒரு ஒர்க்ஷாப்பில் இரண்டு நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மெக்கானிக் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டேன். ஒன்பது குறிப்புகள் தேறின.

காரோடு வந்த பழைய பக்கவாட்டு ஜாக்கியை நம்பாதே. அதைச் செருகும் குழாய் துருவேறிப் பொடியாகியிருக்கும், தூக்கும்போது சட்டத்தோடு பிய்ந்துகொண்டு வரும். சக்கரம் வைத்த தள்ளு ஜாக்கி வாங்கு. பழைய கார்கள் தாழ்வானவை, ஆகவே இறக்கிய நிலையில் அதன் தலை காருக்கடியில் நுழைகிறதா, ஏற்றினால் போதுமான உயரம் வருகிறதா என்று அளந்து பார். கார் ஒன்றே கால் டன் என்றால் ஜாக்கி இரண்டு டன்னுக்குக் குறையக்கூடாது. தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். மணலும் வேண்டாம், வெயிலில் இளகிய தாரும் வேண்டாம். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. சக்கரத்தைக் கழற்றுவதானால் நட்டுகளைத் தூக்குமுன்பே தளர்த்திக்கொள். ஜாக்கியின் தலையைத் தகட்டில் வைக்காதே, எண்ணெய்த் தொட்டியில் வைக்கவே வைக்காதே. கனமான குறுக்குச் சட்டத்தில், நடுவில் ஒரு பலகைத் துண்டு கொடுத்து வை. ஒரு சாண் தூக்கியதும் நிறுத்தி, சுற்றிவந்து பார். இவை எட்டு.

ஒன்பதாவது இது:

"தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டுகளை அடியில் நிறுத்தி, காரை அவற்றின்மேல் இறக்கி நிறுத்து, ஜாக்கி தூக்கத்தான், தாங்கி நிறுத்துவதற்கு இல்லை, ஸ்டாண்டு நிறுத்தாத காருக்கு அடியில் தலையை விடாதே."

எண்ணிப் பாருங்கள். ஒரே வாக்கியத்தில் நிறுத்து, நிறுத்தி, நிறுத்துவது, நிறுத்தாத. நான்கு முறை. அச்சுக்குப் போகும் முன்தினம் உரக்கப் படித்துப் பார்த்தேன். கட்டுரை முழுக்க வழுக்கிக்கொண்டு போய், அந்த இடத்தில் மட்டும் பல்லில் கல் கடிபட்டது. மாற்றி எழுதிப் பார்த்தேன், வரவில்லை. வெட்டிவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று, சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன்:

"கார் அந்தரத்தில் நிற்கும் அந்தக் கணத்தில், இயந்திரமும் மனிதனும் ஒருவரை ஒருவர் நம்புகிறார்கள்."

எழுதிவிட்டு, எழுந்து போய்க் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.*

* இப்போது உங்களிடம் சொல்லியாயிற்று.

4

இங்கே டாக்டர் நாஸ்லி வருகிறார். வருவதற்குமுன் எனக்கு ஒரு சந்தேகம். அவரை நீங்கள் நம்புவீர்களா?

வயது அறுபத்தொன்று. கஃப்ர் அப்துவில், தாத்தா காலத்துக் கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். முப்பத்தாறு வருஷம் மருந்துக்கடை நடத்தியவர்; எங்கள் ஊரில் மருந்தாளுநரையும் டாக்டர் என்றுதான் அழைப்போம். இவ்வளவு விவரமான பெண்மணி, ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போவாரா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். முதல் பிரதியில் அவரைக் கொஞ்சம் அசட்டுப் பெண்மணியாக எழுதிப் பார்த்தேன். கதை எனக்கு வசதியாகிவிட்டது. அதனாலேயே கிழித்துப்போட்டேன். அவர் போனதற்குக் காரணம் அசட்டுத்தனம் இல்லை. முப்பத்தாறு வருஷமும் கடைக்கு வந்தவர்களிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படியுங்கள், அதில் உள்ளபடி செய்யுங்கள், இல்லாததைச் செய்யாதீர்கள். அவருடைய உலகத்தில் அச்சிட்ட தாள் என்றால் யாரோ பொறுப்பெடுத்துக்கொண்டு எழுதியது.

கடையை ஒப்படைத்துவிட்டு 1964ஆம் வருஷத்து மெர்சிடிஸ் ஒன்று வாங்கினார். எண்ணெய் சொட்டியது. ஒர்க்ஷாப்புக்குப் போனால், "நீங்க எதுக்கு ஹானிம் அம்மா, தலையைப் போட்டு உடைச்சுக்கறீங்க, விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். பார்த்துக்கொள்வார்கள். மறுபடியும் சொட்டும். நாமே பார்த்துவிடுவது என்று தீர்மானித்த வாரத்தில்தான் என் கட்டுரை அவருக்குத் தபாலில் வந்தது.

தொலைபேசியில் அழைத்தார், உஸ்தாஸ் என்ற மரியாதையோடு.

"உஸ்தாஸ் வாஸிஃப்தானே? உங்க கட்டுரையை நாலு தடவ படிச்சேன். ஒரு வார்த்தை வீணா இல்ல."

"அப்படியா" என்றேன், அப்படித்தான் என்ற குரலில்.

"வெள்ளிக்கிழமை காலைல எங்க முற்றத்துல காரைத் தூக்கப்போறேன். நீங்க வந்து பாக்கணும். நான் எங்கயாவது தப்பு பண்ணினா சொல்லுங்க."

என்னுடைய காரையே தூக்கிப் பார்க்காதவன் நான் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் இது. "கட்டாயம் வர்றேன்" என்றேன்.

5

வெள்ளிக்கிழமை பத்து மணி. முற்றத்தில் பளிங்குபோல் வழவழவென்று சிமெண்டுத் தரை. நடுவில் கார், பால் கலந்த தேநீர் நிறம். பக்கத்தில் டாக்டர் நாஸ்லி, பழைய வெள்ளை மருந்துக்கடைக் கோட்டில். காரின் கூரைமேல் என் கட்டுரை, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு மருந்துப் புட்டி. கட்டுரையின் ஓரத்தில் ஒன்று முதல் எட்டு வரை பென்சிலில் எண்கள் போட்டிருந்தார்.

ஓரத்தில் பெஞ்சு போட்டு, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கினாவி. கட்டிடத்தின் காவல்காரர், அஸ்வான் பக்கத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவருதான் ஜாக்கியப் பத்தி புஸ்தகம் எழுதினவரா டாக்டரம்மா?"

"புஸ்தகம் இல்ல கினாவி. கட்டுரை."

"கையப் பாத்தா ஜாக்கி புடிச்ச கையாத் தெரியலயே. என் பொண்ணு கை மாதிரில்ல இருக்கு."

"எழுதறவங்க கை அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"அது சரி பாஷா" என்றார். இங்கே பெரிய மனிதரை அழைக்கும் சொல் அது. "நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். எங்க கையெல்லாம் கட்டைதான்."

டாக்டர் நாஸ்லி வேலையை ஆரம்பித்தார். அவர் செய்ததைப் பார்க்கவேண்டும். கியர், பிரேக், கட்டைகள். முன்பக்க இடது சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தினார். ஸ்பேனர்மேல் ஏறி நின்று தளர்த்தினார். ஜாக்கியின் தலையை மண்டியிட்டுப் பார்த்து, குறுக்குச் சட்டத்தில் பலகை கொடுத்து வைத்தார். ஒரு சாண் தூக்கினார், நிறுத்தினார், சுற்றி வந்தார். ஒவ்வொன்றுக்கும் கட்டுரையில் ஒரு டிக். நான் கைகட்டிக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றேன். என் எழுத்து ஒருவரின் கைகளில் இவ்வளவு உயிரோடு இருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கண்கூட லேசாக—

[இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். அடுத்து என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும்.]

அடியில் கை எட்ட வசதியாகச் சக்கரத்தைக் கழற்றினார். கினாவி எழுந்து வந்து அதை உருட்டிக்கொண்டு போய், காரின் ஓரச்சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டார்.

"அங்க எதுக்குப் போடறே?" என்றேன். "பார்க்க அசிங்கமா இருக்கு. சுவரோரமா சாத்தி வை."

"எங்க ஊர்ல டாக்ஸிக்காரனுங்க இங்கதான் போடுவானுங்க பாஷா."

"டாக்ஸிக்காரங்க வேற."

"ஆமா, அவனுங்க வேற" என்றார் கினாவி. சக்கரத்தை எடுக்கவில்லை. திரும்பிப் போய் விதைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

டாக்டர் நாஸ்லி தரையில் ஒரு பாயை விரித்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு, மல்லாந்து படுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப உங்க கடைசி வரி உஸ்தாஸ். இயந்திரமும் மனிதனும்."

அடியில் நகர்ந்தார்.

6

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். [நிறுத்துகிறேன்! இப்போது அந்தச் சொல் எவ்வளவு எளிதாக வருகிறது, பாருங்கள்.]

இந்த இடத்துக்கு நான் எழுதிய முதல் பிரதியில், "நில்லுங்க டாக்டர்! ஸ்டாண்டு வைக்காம போகாதீங்க!" என்று நான் கத்துகிறேன். அவர் வெளியே வருகிறார். கார் விழுகிறது. என்னை எல்லோரும் நன்றியோடு பார்க்கிறார்கள். இரண்டு நாள் அந்தப் பிரதியோடு சந்தோஷமாக இருந்தேன். உண்மையாகவே அப்படித்தான் நடந்தது என்றுகூட நம்பத் தொடங்கிவிட்டேன். மூன்றாம் நாள் கினாவியின் முகம் நினைவுக்கு வந்தது.

நடந்தது வேறு. அவர் பாயை விரித்தபோதே அந்த ஒன்பதாவது வரி எனக்கு முழுசாக ஞாபகம் வந்தது. நான்கு நிறுத்தோடும் வந்தது. வாயைத் திறந்தேன். சொன்னால், "இது கட்டுரையில் இல்லையே" என்பார். இல்லாததற்குக் காரணம் கேட்பார். காரணத்தை யோசித்தேன். அவர் சந்தேகப்படாத மாதிரி, ஏதோ கூடுதல் குறிப்புபோல, அழகாக எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி ஒன்றே கால் டன் இரும்புக்கு அடியில் கிடக்கும்போது, நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்கவில்லை. கினாவி பதினொரு விதை உடைத்தார். அந்த ஒவ்வொரு சத்தமும் எனக்குக் கேட்டது.

பன்னிரண்டாவதை உடைக்கவில்லை.

"பாஷா, கார் குனியுது."

பார்த்தேன். சக்கரம் இல்லாத பக்கம், தரைக்கும் பிரேக் டிரம்முக்கும் நடுவே ஒரு சாண் இருந்த இடைவெளி, நாலு விரலாகியிருந்தது. ஜாக்கியின் வயிற்றிலிருந்து எண்ணெய் ஒரு கோடாக வழிந்து, என் பூட்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"டாக்டர்" என்றேன். கத்தவில்லை. கூப்பிட்டேன்.

"ஒரு நிமிஷம் உஸ்தாஸ், ஒழுகற இடத்தக் கண்டுபுடிச்சுட்டேன்."

கார் விழுந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ கனமான கதவை எரிச்சலோடு சாத்தியது மாதிரி. அவ்வளவுதான். பிறகு டார்ச் மட்டும் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தது.

7

நான் ஓடினேன் என்று எழுதலாம். ஓடியவர் கினாவி. தரையில் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து, அடியில் பார்த்துக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா! டாக்டரம்மா, பேசுங்க! ஏதாவது பேசுங்க தாயே!"

ஒன்றும் கேட்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு, மிகத் தெளிவாக, கொஞ்சம் மூச்சு வாங்கியபடி ஒரு குரல்:

"இந்தச் சக்கரத்த இங்க போட்டது யாரு?"

"நாந்தான் டாக்டரம்மா. திட்டாதீங்க."

"திட்டல. மூக்குக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் இருக்கு. கண்ணாடி போச்சு. இடது கை மாட்டிக்கிச்சு, ஆனா விரல் அசையுது. அசைச்சுப் பாத்துட்டேன். ஆள் கூட்டிட்டு வா. அவசரப்படாதே, ஆனா ஓடு."

ஓரச்சட்டம் படுத்திருந்த சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. அந்தச் சக்கரத்தின் தடிமன் அளவுக்குத்தான் அவர் உயிர். நான் சுவரோரம் சாத்தச் சொன்ன சக்கரம்.

கினாவி தெருவுக்குப் பாய்ந்தார். ஜும்ஆத் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் ஏழு பேர், கஞ்சி போட்ட வெள்ளை ஜலாபியா அங்கிகளைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருவர் பழச்சாறுக் கடைக்காரர், ஒருவர் எதிர் வீட்டுப் பல் டாக்டர். "பிஸ்மில்லாஹ், ஒண்ணு, ரெண்டு" என்று முன்பக்கத்தைப் பிடித்து அப்படியே தூக்கினார்கள். கினாவி கையில் அகப்பட்ட செங்கல்லையெல்லாம் அடியில் தள்ளினார். இரண்டு பேர் டாக்டர் நாஸ்லியைப் பாயோடு இழுத்தார்கள். நானும் பம்பரில் கை வைத்தேன். வைத்தது நிச்சயம். தூக்கினேனா என்பது எனக்கே தெரியாது.

வெளியே வந்தவருக்கு முழங்கை தோல் உரிந்திருந்தது, இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முகமெல்லாம் கறுப்பு எண்ணெய். பல் டாக்டர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார். ஏழு பேரின் ஜலாபியாவும் நாசம். அப்படியே தொழுகைக்குப் போனார்கள்.

8

எலுமிச்சைச் சாறு வந்தது. கினாவிதான் கொண்டுவந்தார். டாக்டர் நாஸ்லி பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாததால் கண்ணுக்கு மிக அருகே பிடித்தார்.

"எட்டையும் செஞ்சேன் உஸ்தாஸ். எட்டுக்கும் டிக் போட்டிருக்கேன். எந்த இடத்துல தப்பு பண்ணினேன்?"

"ஜாக்கி பொல்லாத ஜாக்கி டாக்டரம்மா" என்றார் கினாவி. "எண்ணெயக் கக்கிடிச்சு பாருங்க."

எனக்குக் கதவு திறந்தது. நான் நுழைந்துவிட்டேன்.

"ஆமாம் டாக்டர்" என்றேன். "உள்ளே இருக்கற ரப்பர் வளையம் போயிருக்கும். புது ஜாக்கிலகூட அது நடக்கும். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் கட்டுரையைக் கண்ணருகிலிருந்து இறக்கினார்.

"புது ஜாக்கிலகூட நடக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"அப்ப ஏன் கட்டுரைல இல்ல?"

பழச்சாறுக் கடையில் பையன் கரும்பு பிழியும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றால் சொல்கிறேன் என்று எனக்குள் பேரம் பேசினேன். நிற்கவில்லை. சொன்னேன். ஒன்பதாவது வரி இருந்தது. நான் வெட்டினேன். எதற்கு வெட்டினேன் என்றும் சொன்னேன்.

"ஒரு வார்த்த நாலு தடவ வந்துச்சுன்னா?"

"ஆமாம்."

"அதுக்குப் பதிலாத்தான் இந்த இயந்திரமும் மனிதனுமா?"

"ஆமாம்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"முப்பத்தாறு வருஷம் கடை வெச்சிருந்தேன்" என்றார். "குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்கன்னு எல்லாத் தாள்லயும் ஒரு வரி இருக்கும். ரொம்ப அசிங்கமான வரி. ஒரே மாதிரி இருக்கும், எல்லாத்துலயும். அத எழுதினவன் யாருன்னே யாருக்கும் தெரியாது. அவனுக்கும் எழுத்தாளர்னு பேரு வாங்கணும்னு ஆச இருந்திருந்தா, எங்க தெருவுல எத்தன வீட்டுல அழுகை கேட்டிருக்கும்?"

கினாவி வாயில் இருந்த விதையைக் கையில் துப்பிவிட்டு, என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று காலையிலிருந்து அவர் என்னைக் கேலி செய்யாத முதல் தடவை அது. அதுதான் தாங்கவில்லை.

"திருத்தம் எழுதுங்க" என்றார் டாக்டர் நாஸ்லி. "மூணு வரி. அழகா எழுதாதீங்க."

9

முராத் பேயைக் கூப்பிட்டேன்.

"அடுத்த இதழ் மூணு மாசம் கழிச்சுத்தான் ஹபீபி. அப்ப போட்டுடலாம். எதுக்கு இவ்ளோ பதட்டம்? அந்தக் கட்டுரைக்குப் பதினாலு லெட்டர் வந்திருக்கு தெரியுமா? எல்லாம் அந்த இயந்திரமும் மனிதனும் வரிக்குத்தான். ஒருத்தர் அத ஃபிரேம் போட்டு ஷெட்டுல மாட்டியிருக்காராம்."

எந்த ஷெட், எங்கே, யார் என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை. உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

கூப்பிடத் தொடங்கினேன். ஒன்பது நாள். ஒருவர், நான் இன்ஷூரன்ஸ் விற்கிறேன் என்று நினைத்து, போனை வைத்துவிட்டார். ஒருவர், "இதக்கூடத் தெரியாதவனா நான்? எங்கப்பா காலத்துலேர்ந்து ஸ்டாண்டு வெச்சிருக்கேன்" என்று அரை மணி நேரம் அப்பாவைப் பற்றிப் பேசினார். டான்டாவில் ஒரு இளைஞர், "நாளைக்குத் தூக்கறதா இருந்தேன்" என்றார். பிறகு, "இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார். நான் அந்த ஒன்பதாவது வரியைச் சொன்னேன். எழுதிக்கொள்ளட்டும் என்று நிதானமாகச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். என் எழுத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லி ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை.

தமன்ஹூரில் ஹாஜ் ஷாஸ்லி என்பவர் மட்டும் நாலு நாளாக எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஒவ்வொரு மணிக்கும் ஒரு கார் விழுந்தது. ஐந்தாம் நாள் காலை ரயில் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்த அம்மாள், "ஹாஜியா? கொல்லைல காருக்கடில கெடக்கார். காலைலேர்ந்து சத்தத்தையே காணோம்" என்றார், சாதாரணமாக.

கொல்லைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. பச்சைக் கார் ஒன்று. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அசையவில்லை. நான் காலைப் பிடித்து இழுத்தேன். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு பலமாக இழுத்ததில்லை.

"ஏய்! எவன்டா அது! தூங்கவிட மாட்டியா?"

நாலு மூலைக்கும் நாலு ஸ்டாண்டு. பக்கத்தில் தண்டவாளக் கட்டைகள், அவை போதாதென்று கழற்றிய சக்கரங்கள் படுக்கையாக. ஒரு வீடே கட்டலாம் அதன்மேல். நிழலாக இருக்கிறதென்று ஹாஜி அடியில் தூங்கியிருக்கிறார்.

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கட்டுரை, வெட்டிய வரி, எல்லாம். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"எந்தக் கட்டுரை?"

"நம்ம பத்திரிகைல, ஜாக்கியப் பத்தி—"

"அதுல எழுத்தெல்லாம் வேற வருமா? நான் பின்பக்க விளம்பரத்துக்குத்தான் சந்தா கட்டறேன். உதிரி பாகம் விக்கறவங்க நம்பர் இருக்கும்." பிறகு அன்பாகக் கேட்டார்: "நீங்க எழுத்தாளரா? சாப்பிட்டீங்களா?"

அவர் உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி வந்தது. என்னைப் படிக்கவில்லை என்ற வருத்தமும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லமாட்டேன்.

10

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவில் டாக்டர் நாஸ்லி என்னை மன்னிக்கிறார். எலுமிச்சைச் சாறு தருகிறார். [அவர் மன்னிக்கவில்லை. புது ஜாக்கியும் இரண்டு ஜோடி ஸ்டாண்டும் வாங்கிவிட்டார், ஒழுக்கை அவரே அடைத்துவிட்டார், என்னை அழைக்கவில்லை. கினாவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.]

இரண்டாவதில் நான் என் 1959ஐ உறை நீக்கி, முறைப்படி தூக்கி, ஸ்டாண்டில் வைத்து, அடியில் படுத்து, வாழ்க்கையைப் புரிந்துகொள்கிறேன். [தூக்கினேன். ஸ்டாண்டில் வைத்தேன். அடியில் போக இன்னும் தைரியம் வரவில்லை.]

மூன்றாவதில் மூன்று வரித் திருத்தம் வெளியாகிறது, எல்லோரும் பத்திரம், கதை முற்றிற்று. இதைத்தான் நான் விரும்பினேன்.

ஆனால் பட்டியலில் ஆறு எண்கள் தவறானவை. ஒன்று இப்போது ஒரு மீன் கடையில் அடிக்கிறது. ஒன்று அடிக்கவே இல்லை. ஆறு முகவரிகளில் நான்குக்குப் போய்ப் பார்த்தேன். குடிபெயர்ந்துவிட்டார்கள், எங்கே என்று தெரியாது. கட்டுரையும் அவர்களோடு போயிருக்கிறது. அந்த ஷெட்டில் ஃபிரேம் போட்டு மாட்டியவர் இந்த ஆறு பேரில் ஒருவரா என்றும் தெரியாது. திருத்தம் அவர்களுக்குப் போய்ச் சேராது. கதை என்றால் கைமாறிக் கைமாறி எங்கேயாவது போகும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் மூன்று வரியை இவ்வளவு நீட்டியிருக்கிறேன்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. அது உங்களிடம் இருக்கிறது. நீங்கள் அந்த ஆறு பேரில் ஒருவராக இருந்து, மல்லாந்து படுத்து, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் இந்தத் தாளுமாக, இயந்திரத்தை நம்பிப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இந்த வரியோடு படிப்பதை விட்டுவிட்டு வெளியே வாருங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். மீதி ஒன்றும் இல்லை.